தலையில் குடம், கையில் கேமரா

குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்தது பேச்சிதான்.

பளியன்குடி அடிவாரத்தில் அப்போது இன்னும் விடிந்து முடியவில்லை. மலை ஒரே கருப்பாக நின்றது. வேன்களில் வந்து இறங்கிய சனம் செருப்பைத் தேடுவதும் பிள்ளையைத் தேடுவதுமாக இருந்தது. சூட வாசமும் டீசல் வாசமும் கலந்து வந்தது. சும்மாட்டை நானே சுருட்டி வைத்துக்கொண்டேன். எவர்சில்வர் குடம், கழுத்து வரைக்கும் தண்ணீர், தளும்பாமல் இருக்க உள்ளே கொஞ்சம் மாவிலை, வாயில் ஈரத் துணிக் கட்டு. தலையில் உட்கார்ந்ததும் அதன் குளிர்ச்சி சும்மாட்டைத் தாண்டி உச்சியில் இறங்கியது.

கழுத்தில் கேமரா தொங்கியது. வாரைச் சுருக்கி, நெஞ்சுக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டியிருந்தேன்.

பேச்சி என் வீட்டுக்காரருடைய கூடப் பிறந்த தங்கச்சி. எங்கள் தெருப் பெண்கள் கூட்டமாக எங்கே போனாலும் அவள் சொல்கிறபடிதான் நடக்கும். வேன் பேசுவது, யார் எதைச் சுமப்பது, எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது எல்லாம் அவள்தான். அவள் என் காதோரம் வந்து, ரகசியம் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நிக்கக் கூடாது மதினி. நடுவுல ஒரு எடத்துல நின்னாலும் கேமரா என் பைக்குள்ள வந்துரும். அடுத்த வருசம் அது வீட்டுலதான் கெடக்கும்."

"சரி" என்றேன். தலையை ஆட்ட முடியவில்லை. குடம் இருந்தது.

ரெண்டில் எது?

போன வாரம் இந்தத் தொடரில், சுருளித் தீர்த்தத்துக் குரங்கு என் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார். மலை ஏறுகிறீர்கள், ஊர் சுற்றுகிறீர்கள், படமும் பிடிக்கிறீர்கள், ரெண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்ய முடிகிறது, உங்களுக்கு ரெண்டில் எது பெரிசு என்று.

நல்ல கேள்வி. இதே கேள்வியைப் பேச்சி என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது இவ்வளவு மரியாதையாக இருக்காது.

பதில் சொல்ல எனக்கு அவசரமில்லை. எனக்கு எழுத்துக் கம்மி. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், மற்றதெல்லாம் கூட்டிக் கூட்டித்தான். இந்த ஒரு அத்தியாயம் எழுத எனக்கு முழுசாக ஒரு வாரம் ஆகிறது. வாரப் பத்திரிகைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்கள்.

என் முகம் இல்லாத படம்

என் கல்யாணத்தில் எடுத்தது ஒரே ஒரு படம். அதில் என் முகம் கிடையாது. குனி குனி என்று பெரிய மனுசிகள் சுற்றி நின்று சொன்னதில் நான் நன்றாகவே குனிந்துவிட்டேன். படத்தில் பூ இருக்கிறது, வகிடு இருக்கிறது, பக்கத்தில் அவர் முழித்துக்கொண்டு இருக்கிறார். வகிடு மட்டும் நேராக எடுத்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான்.

அதுக்கும் முந்தி, வீரபாண்டித் திருவிழாவில் ஒரு படக்கடை போடுவார்கள். துணியில் ஏரோப்ளேன் வரைந்து தொங்கவிட்டிருக்கும். சன்னல் இருக்கிற இடத்தில் முகத்தை வைத்தால் பறக்கிற மாதிரி படம் எடுத்துக் கொடுப்பார்கள். என்னோடு வந்த பெண்கள் எல்லாம் ஏரோப்ளேனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். நான் படக்காரர் பின்னால் போய் நின்றேன். என்ன தாயி வேணும் என்றார். உங்க பொட்டிக்குள்ள என்ன தெரியுதுன்னு பார்க்கணும் என்றேன். சிரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். பொட்டிக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன். எதிரே இருந்த ராட்டினம் உள்ளங்கை அகலத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அம்மன் சாட்சியாக, அந்தத் திருவிழாவில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆசை அங்கே விழுந்தது. கைக்கு வருவதற்குப் பேரன் பேத்தி எடுக்கிற வயசு ஆகிவிட்டது.

ஒரு வருசம் எங்கள் பன்னீர் திராட்சை நல்லபடியாக விலை போனது. பந்தலில் கவாத்து வெட்டியதிலிருந்து குலை அறுத்தது வரைக்கும் என் கை பட்ட தோட்டம். தேனிக்குப் போய் ஒரு கேமரா வாங்க வேண்டும் என்று சொன்னேன். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. மகன் கூட வந்தான். கடைக்காரர் கேமராவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, எல்லா விளக்கத்தையும் மகனைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வாங்குறது நானு. எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

நல்ல பிள்ளை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதலில் இருந்து சொன்னார்.

என் வீட்டுக்காரருக்குப் பயணம் ஆகாது. பஸ் ஏறினால் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வர வேண்டும். அதனால் அவர் தோட்டத்தோடு இருந்துகொள்வார். நான் திரும்பி வந்ததும் படத்தில் ஊரைப் பார்த்துவிடுவார். மேகமலையை அவர் அப்படித்தான் பார்த்தார். அதில் ஒரு கோளாறு நடந்தது.

சின்னமனூரில் இறங்கிய பனி

மேகமலைக்கு நானும் ஜெய்த்தூனும் போனோம். ஜெய்த்தூன் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். அவளுடைய அத்தா காலத்தில் இருந்து அந்தத் தென்னந்தோப்பு அவர்களுடையது. ரெண்டு பேரும் ஒரே வயசு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வேகமாக நடக்கிறவள். நான் படம் எடுத்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவில் நிற்பாள்.

சின்னமனூரில் பஸ் ஏறினோம். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பூப்பேர் எழுதின பலகை நட்டிருக்கிறார்கள். நான் ஒரு பூவை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பூ வந்துவிடும். மேலே தேயிலைக்காடும் அணைத்தண்ணீரும் பார்த்தோம். அடிக்கடி கேமராக் கண்ணில் ஈரம் படர்ந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் பனி. அவர் ஆசை ஆசையாகப் பார்த்தார். அடேயப்பா, என்னா பனி, நல்லவேளை நான் வரவில்லை என்றார். ஜெய்த்தூன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நிறுத்தினாள். அது நாங்கள் திரும்பி வந்து இறங்கிய சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு. உச்சி வெயில்.

"ஏன்டி ராமுத்தாயி, சின்னமனூர்லயும் பனி எறங்கிருச்சா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். வீரபாண்டியில் வாங்கி முடிந்து வைத்திருந்த திருநீறு, அவிழ்ந்து பாதி முந்தானைக்குப் பரவியிருந்தது. அதைக் கொண்டுதான் நாள் பூராவும் கண்ணாடிக்குப் பூசிவிட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து கேமராவுக்குத் தனித் துணி. திருநீறு நெற்றியோடு சரி. அவரிடம் நாங்கள் ரெண்டு பேரும் இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வளையல் பை

இப்போது கண்ணகி கோயிலுக்கு வருகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கோயில் மலை உச்சியில், தமிழ்நாடும் கேரளாவும் முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது. வருசத்துக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமிக்குத்தான் சனத்தை விடுவார்கள். குமுளியில் இருந்து ஜீப்பில் போகலாம். பளியன்குடியில் இருந்து நடந்தும் ஏறலாம். நாங்கள் நடக்கிற கூட்டம். பொழுது சாய்வதற்குள் காட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும்.

உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கேரளாக் காடு. இன்னொரு பக்கம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் கிடக்கும். நான் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், கூடை சுமந்த தோட்டங்கள், குளித்த ஆறு எல்லாம் ஒரே பார்வையில். அதைப் படம் எடுக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. மற்ற மலையெல்லாம் நான் பார்க்கப் போன இடம். இது நான் இருக்கிற இடத்தை மேலே நின்று பார்க்கிறது.

குடம் சுமந்ததற்கு முந்தின வருசமும் அந்த எண்ணத்தோடுதான் ஏறினேன். எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு சுமை உண்டு. அந்த வருசம் சாமிக்குச் சாத்துகிற வளையல் என் பையில். பேச்சி தன் மகளுக்கு வேண்டிக்கொண்டு வாங்கின வளையல்.

பாதி மலையில் ஒரு மலையணிலைப் பார்த்தேன். நம் வீட்டு அணில் இல்லை. பூனை அளவுக்கு இருக்கும். செம்பட்டையும் கருப்புமாக, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ரெண்டு கையிலும் ஒரு காயைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. நான் நின்றேன். கூட்டம் நடந்துவிட்டது. நான் பின்னால் வருகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அணில் சாவகாசமாகத் தின்றது. அதுக்கு ஏற்ற மாதிரி நானும் சாவகாசமாக எடுத்தேன்.

மேலே வரிசை. பேச்சியும் மற்றவர்களும் வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து சாமிக்கு முன்னால் போய் நின்றபோது வளையல் இல்லை. வரிசையைவிட்டு வெளியே வந்து, நான் போய்ச் சேர்ந்த பிறகு, மறுபடியும் கடைசியில் போய் நின்றோம். வளையலைக் கொடுத்த கையோடு இறங்கச் சொல்லி விசில் ஊதிவிட்டார்கள். பேச்சியால் ஒரு நிமிசம் நின்று கும்பிட முடியவில்லை. எனக்குப் பள்ளத்தாக்குப் பக்கம் போய் எட்டிப் பார்க்கவும் முடியவில்லை.

இறங்குகிற வழியெல்லாம் பேச்சி முன்னாலேயே நடந்தாள். வேனில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வருசத்துல ஒரு நாளு. அந்த ஒரு நாளும் ஆத்தாகிட்டப் போய் நான் வெறுங்கைய விரிச்சுக்கிட்டு நின்னேன். மலைக்கு வாரவ மலைக்கு வரணும். படம் பிடிக்கிறவ வேற வேன்ல போகட்டும்."

அணில் படம் நன்றாக வந்திருந்தது. ஆனால் அவளிடம் காட்டவில்லை.

குடம் முன்னால்

அடுத்த சித்திரை நெருங்கியது. பேச்சி வீட்டில் எல்லோரும் கூடி யாருக்கு என்ன சுமை என்று பேசினார்கள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன். கேமராவை வைத்துவிட்டு வந்தால் தேங்காய்ப் பை தருவதாகச் சொன்னாள்.

கேமரா வரும் என்றேன். அப்படி என்றால் நீ வரவில்லை என்றாள்.

அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சரசு மட்டும் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தக் கூட்டத்திலேயே சின்னவள் அவள்தான்.

நான் சொன்னேன், "குடத்தை எனக்குக் குடு பேச்சி."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலை ஏறினவர்கள். பெண்கள் கூட்டமாக ஏறும்போது தண்ணீர்க் குடம்தான் முன்னால் போகும். குடத்தைத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது, குடம் போகிற வேகத்துக்குத்தான் எல்லோரும். காட்டில் தண்ணீர் ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் ஆகிவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். கோயிலுக்கு ஏறும்போதும் அதையே வைத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டுக்குள் விடுவதில்லை என்பதால் குடம் வேண்டியும் இருந்தது.

குடம் என் தலையில் இருந்தால் நான் பின்தங்க முடியாது. நான் இருக்கிற இடம்தான் முன்னால். தலைச்சுமைக்குக் கையும் வேண்டாம். திராட்சைக் கூடையைக் கை பிடிக்காமல் சுமந்து, நடந்துகொண்டே வெற்றிலை மடித்துப் போட்டவள் நான். வெற்றிலை மடிக்கிற கை கேமரா பிடிக்காதா?

பேச்சிக்கு மூளை என்னைவிட ஒரு முழம் கூட. யோசித்தாள்.

"அப்ப நீ நின்னா நாங்க எல்லாரும்ல நிக்கணும்? தண்ணியச் சாக்கு வச்சு மலை பூராவும் எங்கள நிப்பாட்டவா?"

பிறகு அவளே கட்டளை போட்டாள். குடம் எனக்கு. கேமரா வரலாம். நடந்துகொண்டே எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்க நிறுத்துகிற இடத்தில் நின்றும் எடுக்கலாம். அந்த இடம் எது என்று சொல்வது பேச்சி. மற்றபடி ஒரு இடத்தில் நின்றாலும் கேமரா அவள் பைக்குள் போய்விடும், அடுத்த வருசத்தில் இருந்து அதற்கு மலை கிடையாது.

சரி என்றேன்.

வாய்க்கால் வரப்பில்

சொல்லிவிட்டேனே ஒழிய, நடந்துகொண்டே படம் எடுத்து எனக்குப் பழக்கம் இல்லை. பந்தலுக்குள் போய்ப் பழக முடியாது. குடத்தோடு நுழைந்தால் கம்பியில் இடிக்கும். அதனால் வாய்க்கால் வரப்பில் காலையில் காலையில் நடந்தேன். தலையில் நிறைகுடம், கையில் கேமரா. முதலில் எடுத்தது எல்லாம் வானமும் என் கட்டைவிரலும்தான்.

ஜெய்த்தூன் தென்னைக்குப் பாத்தி கட்டுவதை நிறுத்திவிட்டு மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"நீ தண்ணிக்குப் போறியா, சூட்டிங்குக்குப் போறியா?"

ரெண்டுக்கும்தான் என்றேன்.

போகப் போகப் பிடிபட்டது. நடக்கும்போது ஒரு கால் ஊன்றி, மறு கால் எழும்புவதற்கு முந்தி, உடம்பு ஒரு கண் இமைக்கிற நேரம் சும்மா இருக்கும். தலையில் பாரம் இருந்தால் அந்த நேரம் நன்றாகத் தெரியும். மூச்சை விட்டு அப்போது அமுக்கினால் படம் ஆடுவதில்லை. பாரம் இல்லாதபோது ஆடுகிற கை, பாரம் இருந்தால் ஆடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜெய்த்தூன்தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

"இன்னைக்குத்தான்டி நீ குனியாம நடக்குற. மேகமலையில நீ எங்கன மலையப் பாத்த? ஒண்ணு எடுக்கவும் பொட்டியக் குனிஞ்சு பாக்கவும், ஒண்ணு எடுக்கவும் பொட்டியக் குனிஞ்சு பாக்கவும். நான் எதிர்த்தாப்புல யானை வந்தாக்கூட நீ படத்துலதான் பாப்பேன்னு நெனச்சேன்."

உண்மைதான். படம் எடுக்க எனக்கு நேரமே ஆகாது. எடுத்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் நேரம் போயிருக்கிறது. குடம் இருந்தால் கழுத்தை மடக்க முடியாது. எடுத்தோமா, நடந்தோமா என்றுதான் இருக்கும். வந்திருக்கிறதா வரவில்லையா என்பதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணப் படத்தில் குனிந்தவளை இந்தக் குடம் ஒருவழியாக நிமிர்த்திவிட்டது.

ஏற்றம்

அடிவாரத்தில் குடம் ஏறியது என்று சொன்னேன் அல்லவா, அங்கே திரும்பி வருகிறேன்.

முதல் ஏற்றம் காட்டுக்குள். காய்ந்த இலை காலுக்கடியில் நொறுங்கியது. மூங்கில் ஒன்றோடு ஒன்று உரசி, கதவு திறக்கிற மாதிரி சத்தம் போட்டது. எங்களைத் தாண்டிச் சனம் போய்க்கொண்டே இருந்தது. நான் நிற்காமல் நடந்தேன், நிற்காமல் எடுத்தேன். படி மாதிரி கிடந்த வேர். அப்பன் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போன பிள்ளை. பூத்தட்டை ஈரத்துணியால் மூடி, அதையே பார்த்துக்கொண்டு ஏறின ஒரு பெண். மரத்து இடுக்கில் இறங்கின முதல் வெயில்.

யாரோ ஓர் ஆள், பெரிய கேமராக்காரர், எதிரே பாறை மேல் நின்று என்னைப் படம் எடுத்தார். தலையில் குடத்தோடு ஒரு கிழவி என்று எடுத்திருப்பார். நானும் தூக்கி அவரை எடுத்தேன். மனுசன் திகைத்துப்போய்க் கேமராவை இறக்கிவிட்டார். பின்னால் சரசு சிரித்த சிரிப்பில் பேச்சிக்கே உதடு விரிந்துவிட்டது. அது எனக்குத் தெரியாது, சரசு சொன்னதுதான். நான்தான் திரும்ப முடியாதே.

பேச்சி தண்ணீர் குடிக்க நிறுத்தின இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று புதருக்குள். ஒன்று மொட்டைப் பாறைச் சுவருக்கு முன்னால். இன்னொன்று, யாரோ சோற்றுப் பொட்டலம் போட்டுவிட்டுப் போன இடம். பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிற இடமெல்லாம் அவளுக்குத் தாகம் எடுக்காது. பாறைச் சுவரையும் ஒரு படம் எடுத்து வைத்தேன்.

நிறைகுடம் தலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பாதிக் குடம்தான் படுத்தும், உள்ளே தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கும். காட்டைவிட்டுப் புல்மேட்டுக்கு ஏறுகிற இடத்தில் கடைசியாக இறக்கினோம். எல்லோரும் குடித்தது போக ஒரு வாய் இருந்தது. அதைப் பேச்சி குடித்தாள். குடத்தைக் கவிழ்த்து உதறினாள். மாவிலை மட்டும் விழுந்தது.

"இனிமே மேல போய்த்தான் தண்ணி" என்று சொல்லிவிட்டு வெறும் குடத்தின் வாயைப் பழையபடி துணியால் கட்டி, தூக்கி என் தலையில் வைத்தாள்.

அதாவது, இனிமேல் நிற்கிற இடமே கிடையாது.

தண்ணீர் குடித்த இடம்

மேலே போய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். வளையலைப் பேச்சி தன் கையாலேயே கொடுத்து, அலுக்கிற வரைக்கும் நின்று கும்பிட்டாள். உச்சியில் பனி மூடிக் கிடந்ததில் பள்ளத்தாக்குப் பக்கம் வெள்ளைச் சுவர் மாதிரிதான் இருந்தது. எட்டிப் பார்த்தவர்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆளே மங்கல். ஆனால் நான் சொல்ல வந்தது அங்கே நடந்தது இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, புல்மேட்டில் நடந்தது.

புல்மேடு ஏறும்போதே பனி வந்துவிட்டது. ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் மேடு, வலது பக்கம் சரிவு. சரிவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து, முன்னால் கிடந்த பாதையை மட்டும் பார்த்து ஏறிக்கொண்டிருந்தேன். வெறும் குடம் தலையில் லொடலொடத்தது.

அப்போது வலது பக்கம் பனி கிழிந்தது.

கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயிலில் கிடந்தது. தென்னந்தோப்பெல்லாம் கரும்பச்சை. திராட்சைப் பந்தல்கள் பாய் விரித்துப் போட்ட மாதிரி. அறுத்த வயல் வெள்ளை வெளேர் என்று. நடுவில் முல்லையாறு, அரைஞாண் கயிற்றை அவிழ்த்துப் போட்ட மாதிரி நெளிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் மலை, அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு மலை.

கேமராவைத் தூக்கினேன். முன்னால் பாதைதான் தெரிந்தது. நான் போகிற பக்கம் நேரே இருப்பதைத்தான் நடந்துகொண்டே எடுக்க முடியும். வலது பக்கம் இருப்பதை எடுக்க உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டும். குடத்தோடு கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. ஒற்றையடிப் பாதையில் உடம்பைத் திருப்பிக்கொண்டு நடக்கவும் முடியாது. நின்றால்தான் உண்டு.

நிற்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பனி ரெண்டு பக்கமும் திரை மாதிரி அசைந்துகொண்டிருந்தது. மூடினால் மூடினதுதான், அடுத்த சித்திரைக்குத்தான். கேமராவை இறக்கிவிட்டேன். காலை நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, ஓர் அடி, இன்னோர் அடி என்று நடந்தேன். சரி, கண்ணாவது பார்த்ததே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னேனே தவிர, கை கேமராவை விடவில்லை.

பின்னால் இருந்து பேச்சியின் குரல் வந்தது.

"நில்லுங்கடி. தண்ணி தவிக்குது."

எல்லோரும் நின்றார்கள். நானும் நின்றேன்.

"குடத்துல எங்கன அத்தை..." என்று சரசு ஆரம்பித்தாள். பேச்சி அவளைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டாள்.

பேச்சி என் முன்னால் வந்து குடத்தை இறக்கினாள். ஏதோ நிறைய இருக்கிற மாதிரி ரெண்டு கையாலும் இடுப்பில் வாங்கினாள். துணிக் கட்டை அவிழ்த்தாள். "ம், கையப் பிடி" என்றாள் சரசுவிடம். சரசு ரெண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தாள். பேச்சி வெறும் குடத்தைச் சாய்த்தாள். சரசு குடித்தாள். குடித்துவிட்டு வாயையும் துடைத்துக்கொண்டாள். அடுத்தவள் வந்து கையைக் குவித்தாள். பின்னால் ஏறி வந்த சனம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

நான் சரிவுப் பக்கம் முழுசாகத் திரும்பி நின்றேன். தலையில் பாரம் இல்லை. ஆனாலும் இருக்கிற மாதிரியே நின்று, மூச்சை விட்டு, எடுத்தேன். ஆறு வருகிற மாதிரி ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேட்டுப் பக்கம் எதையோ பார்க்கிற மாதிரி நின்றிருந்தாள் பேச்சி. குடம் அவள் இடுப்பிலேயே இருந்தது.

"எல்லாரும் குடிச்சாச்சா?" என்றாள்.

"நான் இன்னும் குடிக்கல" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"மெதுவாக் குடி மதினி. பொரையேறிக்கிரப் போகுது."

நான் மெதுவாகத்தான் குடித்தேன்.